மூன்றாவது வயர்

செப்டம்பர் 8, திங்கள்

லேப்டாப் இன்று கைக்கு வந்தது. இரண்டு நாளில் தருகிறேன் என்ற அண்ணன் ஐந்து நாள் எடுத்துக்கொண்டான். ஆனால் வேலை சுத்தம். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மூடியைத் திறந்தால் நெட் வருகிறது.

திருச்சியில் அவன் சர்வீஸ் கடைக்கு மதியம் போனபோது அடிப்பலகையைக் கழற்றி வைத்துக் காட்டினான்.

"இங்க பாரு பாப்பா. இந்த மாடல்ல நெட் கார்டுக்குன்னு ஒரு இடம் இருக்கு. வெளிநாட்டுக்குப் போற மெஷின்ல கார்டு போட்டு விக்கிறான். நமக்கு அனுப்புறதுல வெறும் குழிதான். சிம் போடுற பள்ளம் கூட இருக்கு, மேல பிளாஸ்டிக்க வெச்சு மூடிட்டான்."

முதலில் போட்ட கார்டை மெஷின் ஏற்கவே இல்லையாம். தன் கம்பெனி எண் உள்ள கார்டு இல்லாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்று கறுப்புத் திரையோடு நின்றுவிட்டதாம். அதே மாடல் பழைய மெஷின் ஒன்றை சென்னையிலிருந்து வரவழைத்து, அதன் கார்டைப் பிடுங்கி இதில் போட்டிருக்கிறான். ஆன்டெனா வயர் இல்லாமல் கார்டு செவிடு, ஊமை. அதனால் திரையின் சட்டத்தை நெம்பியெடுத்து, முடி மாதிரி மெல்லிய வயர்களை ஓரத்திலேயே ஓட்டி, கீல் வழியாகக் கீழே இறக்கியிருக்கிறான். நாற்பத்தெட்டு வயதில், கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"கடை பேர்ல சிம். உன் பேரு எங்கயும் வராது. ஜன்னல் ஓரமா வெச்சு வேலை பாரு, சிக்னல் நல்லா எடுக்கும்."

எனக்கு இது எவ்வளவு அவசியம் என்று அவனுக்குத் தெரியும். கலப்புத் திருமணம் செய்துகொண்டு வீட்டாருக்குப் பயந்து ஓடி வருகிறவர்களை, கோர்ட் பாதுகாப்பு கிடைக்கும்வரை மறைவாக வைத்திருப்பது எங்கள் வேலை. வக்கீல் சகாயமேரி நடத்துகிறார். ஜோடியோடு கூடவே தங்குகிறவள் நான். உள்ளே போகும்போது எல்லாருடைய ஃபோனும் ஆபீஸ் பீரோவில். போன வருஷம் ஒரு பெண்ணை செல்ஃபோனை வைத்தே தேடிப் பிடித்துவிட்டார்கள். ஆனால் மனு அனுப்ப, சான்றிதழ் இறக்க, மேரிக்காவிடம் முகம் பார்த்துப் பேச நெட் வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

கிளம்பும்போது அண்ணி திருநீறு பூசிவிட்டார். அண்ணன் மகள் அட்சயாவுக்கு இடம் அமைந்துவிட்டது. மேலப்பெருங்காவூர் ரைஸ் மில் வைத்தியலிங்கத்தின் மகன். அடுத்த மாதம் நிச்சயம். பெரிய இடம் என்று அண்ணி இரண்டு முறை சொன்னார். அண்ணன் முகம் பூரித்திருந்தது.

செப்டம்பர் 10

ஆபீஸ் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். மேரிக்காவின் குரல் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. "உங்க அண்ணனுக்கு ஒரு கும்பிடு போடணும்" என்றார். நான் ஏழு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கரூரில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு நான் வெளியே வந்த அன்று, ஃபோன் செய்த இரண்டு மணி நேரத்தில் வேனோடு வந்து நின்றவன் அவன். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வண்டில ஏறு பாப்பா" என்றான். அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

புது ஜோடி. மோனிஷா, இருபத்தொன்று, நர்சிங் கடைசி வருஷம். ஜீவானந்தம், இருபத்து நாலு, டூவீலர் ஷோரூமில் மெக்கானிக். பதிவுத் திருமணம் முடிந்து மூன்று நாள். அவள் வீட்டார் ஊரையே சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். ஜீவா வீட்டுக் கூரைக்குத் தீ வைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் ஒரு மாடிப் போர்ஷன். எங்கள் ஆட்டோக்காரர் யாக்கூப் பாய் கொண்டுவந்து விட்டார். அரிசி, பருப்பு, கொசுவத்தி, பெண்ணுக்கு வேண்டிய நாப்கின்வரை தானே யோசித்து வாங்கி வைத்திருந்தார்.

மாலையில் பாதுகாப்பு மனுவைத் தட்டச்சு செய்தேன். மோனிஷா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்தேன். எந்தெந்த ஆட்களால் ஆபத்து என்ற பகுதி வந்தது. அப்பா தங்கராசு. சித்தப்பா மகன்கள் இருவர். பெரியப்பா வைத்தியலிங்கம், ரைஸ் மில், மேலப்பெருங்காவூர்.

விரல் நின்றுவிட்டது. அட்சயாவுக்குப் பார்த்திருக்கும் இடம். "என்னாச்சுக்கா?" என்றாள். கரண்ட் போகிற மாதிரி இருந்தது என்றேன்.

மேரிக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை விலக்கிவிட்டு வேறொருத்தியை அனுப்பவேண்டும், வேறொருத்தி இல்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சொல்லாமல் இருப்பதுதான் நியாயம் என்று படுகிறது.

செப்டம்பர் 15

மோனிஷாவுக்கு சாதம் வடிக்கத் தெரியவில்லை. ஜீவா கீரை ஆய்கிற வேகத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறாள். "எங்க வீட்ல ஆம்பளைங்க தண்ணி கூட எடுத்துக் குடிக்க மாட்டாங்கக்கா" என்றாள். அவன், "எங்க வீட்லயும்தான். அம்மா செங்கச் சூளைக்குப் போனதால நான் கத்துக்கிட்டேன்" என்றான்.

பகலில் என் லேப்டாப்பில் அவள் பாடம் கேட்கிறாள். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கிறது. ஜன்னல் திட்டில் வைத்தால்தான் படம் நிற்காமல் ஓடுகிறது.

அண்ணன் வீடியோவில் வந்தான். ஐந்து நிமிஷம். நெட் எப்படி, சூடாகிறதா என்று கேட்டான். பிறகு, "அங்க மழை விட்டுச்சா?" என்றான். விட்டுவிட்டது என்றேன். துணி காயவில்லை என்று புலம்பினேன். திருச்சியில் ஒரு சொட்டு கூட இல்லையாம்.

செப்டம்பர் 18, வியாழன்

அண்ணன் மறுபடி வந்தான். முகம் தூங்காதவன் முகமாக இருந்தது.

"இப்ப உன்கிட்ட யாரு இருக்கா பாப்பா?"

"அண்ணே, அது சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல."

"சரி சரி. கேக்கல. நீ சாப்பிட்டியா?"

நிச்சயதார்த்த அலைச்சல் போலிருக்கிறது. பெண்ணைப் பெற்றவன் பாடு.

செப்டம்பர் 19

தெரு முனையில் ஒரு வெள்ளை இன்னோவா காலையிலிருந்து நிற்கிறது. கீழ்வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் பார்த்தேன். உள்ளே நான்கு பேர், யாரும் இறங்கவில்லை. ஜீவாதான் முதலில் அடையாளம் கண்டான். முன் சீட்டில் இருப்பது மோனிஷாவின் சித்தப்பா மகன்.

மேரிக்காவிடம் சொன்னேன். அரை மணியில் யாக்கூப் பாய் பின்பக்கச் சந்துக்கு வந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சுவரேறிக் குதித்தோம். எனக்கு முப்பத்தொன்பது வயது என்பது முட்டியில் தெரிந்தது. வல்லம் தாண்டி ஒரு தனி வீடு.

எப்படித் தெரிந்திருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தேன். கல்லூரித் தோழி யாரிடமாவது மோனிஷா பேசியிருக்கலாம். கேட்டேன். "உங்க கம்ப்யூட்டரத் தவிர நான் எதையும் தொடலக்கா" என்று அழுதாள்.

செப்டம்பர் 22, திங்கள்

வல்லம் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். மதியம் இரண்டு பேர் வந்து, "வீடு வாடகைக்கு இருக்குன்னாங்களே" என்று கேட்டார்கள். வாசலில் போர்டு எதுவும் கிடையாது. இல்லை என்று கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒருவன் ஃபோனில் வீட்டைப் படம் எடுக்கிறான்.

இந்த வீடு மேரிக்காவுக்கு, எனக்கு, யாக்கூப் பாய்க்கு. மூன்றே பேருக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் 23

யாக்கூப் பாயிடம் நான்தான் பேசினேன். மேரிக்கா, "நீ பாத்து சொல்லு தமயந்தி, கூட இருக்கறவ நீதானே" என்று விட்டுவிட்டார்.

கேட்டுக்குப் பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சமீபத்தில் யாரிடமாவது வாய்விட்டுப் பேசினீர்களா என்று கேட்டேன்.

"என்னம்மா கேக்குறீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். ரெண்டு வீடும் தெரிஞ்சிருக்கு. வெளியாள் நீங்க ஒருத்தர்தான்."

பையைக் கீழே வைத்தார். "ஆறு வருஷமா நாப்பது பிள்ளைகளுக்கு மேல ஏத்தி இறக்கியிருக்கேன். ஒரு தடவ ஆட்டோ கண்ணாடிய உடச்சானுங்க. அப்பக் கூட நான் வெளியாள்னு நீங்க சொல்லல." வீட்டு மாற்றுச் சாவியைப் பையின் மேல் வைத்தார். "வெண்டைக்காய் இன்னிக்கே செஞ்சிருங்க, முத்திரும்."

போய்விட்டார். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு உயிரைப் பார்ப்பதா, ஒருவர் மனசைப் பார்ப்பதா?

அண்ணனிடம் வீடியோவில் சொன்னேன். பெயர் சொல்லாமல், கூட இருந்த ஒருவர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று மட்டும். படம் உறைந்துவிட்டதோ என்று திரையைத் தட்டினேன். உறையவில்லை. "பாத்து இரு பாப்பா" என்றான்.

செப்டம்பர் 24

புதுக்கோட்டைக்குத் தெற்கே, முந்திரித் தோப்புக்குள் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரின் காலி வீடு. மேரிக்காவே கார் ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். அவருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 26, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். மேரிக்காவும் எழுதச் சொல்லியிருக்கிறார். கோர்ட்டுக்கு வேண்டும்.

காலை பத்தேகால் இருக்கும். மோனிஷா ஜன்னல் ஓரத்தில் லேப்டாப்பில் காயத்துக்குக் கட்டுப் போடும் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவா பின்பக்கம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கார்கள் தோப்புக்குள் நேராக வந்தன. வழி கேட்கவில்லை, தயங்கவில்லை.

ஏழு பேர். கதவுக்குக் குறுக்கே நான் நின்றேன். எல்லாருக்கும் முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி சட்டையில் அறுபது வயதுக்காரர். இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க ஒதுங்கிக்கங்கம்மா. சம்பந்தி வீட்டுப் பொண்ணு நீங்க. உங்க மேல ஒரு கை படாது."

படவில்லை. அது உண்மை. இரண்டு பேர் என்னைத் தொடாமலே சுவரோடு நிறுத்திவைத்துவிட்டார்கள். மோனிஷா லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஜீவா ஓடி வந்தான். கிணற்றுக் கயிற்றாலேயே அவனைக் கட்டி, உருட்டுக் கட்டையால் கையிலும் முதுகிலும் அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. மோனிஷா "அக்கா, அக்கா" என்று கத்தினாள். அப்பாவையோ பெரியப்பாவையோ கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். காரின் பின்சீட்டில் அவள் தலையை அமுக்கி ஏற்றினார்கள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் என்னை எப்படி அடையாளம் கண்டார்? அண்ணன் வீட்டில் அட்சயாவின் பூப்பு நீராட்டு விழா ஆல்பம் கிடக்கிறது, பெண் பார்க்க வந்தபோது காட்டியிருப்பார்கள். அதில் நான் இருக்கிறேன்.

செப்டம்பர் 27

ஜீவா அரசு ஆஸ்பத்திரியில். இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கின்றன. விலா வீக்கம். போலீஸ் ஸ்டேஷனில், "பெத்தவங்க பொண்ண கூட்டிட்டுப் போறது எப்படிங்க கடத்தல் ஆகும்" என்றார்கள். மேரிக்கா இரண்டு மணி நேரம் நின்று, புகார் ரசீது வாங்காமல் நகரவில்லை. மதுரை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுகிறார்.

வெளியே வந்ததும் கேட்டார். "ரெண்டே பேருக்குத்தான் தெரியும் தமயந்தி. நான் சொல்லல."

"நானும் சொல்லலக்கா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணில் நான் யாக்கூப் பாயாகத் தெரிந்தேன்.

வைத்தியலிங்கம் என்னிடம் சொன்னதை நான் வாக்குமூலத்தில் எழுதித் தரவில்லை. "ஒதுங்கிக்கங்கம்மா" வரைதான் எழுதினேன்.

செப்டம்பர் 29, திங்கள்

லேப்டாப்பின் இடது கீல் உடைந்து, திரைச் சட்டம் வாயைப் பிளந்துவிட்டது. பதிவுச் சான்றிதழின் நகல் உள்ளே இருக்கிறது, கோர்ட்டுக்கு உடனே வேண்டும். வழக்கமாக அண்ணனிடம் கொண்டுபோவேன். இன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு கடையில் கொடுத்தேன். அவசரம், அதனால்.

கடையில் ஒரு பெண். முப்பதுக்குள் இருப்பாள். சட்டத்தை எடுத்ததும் விசில் அடிக்காத குறை.

"யாருக்கா இது பண்ணுனது? கையெழுத்து மாதிரி இருக்கு. இந்த மெஷினுக்கு நெட் கார்டு போடுறது லேசுல நடக்காது."

"எங்கண்ணன்."

அடிப்பலகையைத் திறந்து விளக்கைச் சாய்த்தாள். குழிக்குள் விரல் நீளத்துக்குப் பச்சைக் கார்டு. அதன் விளிம்பில் கடுகளவு மூன்று பொன்னிறப் பொத்தான்கள். மூன்றிலும் வயர் மாட்டியிருந்தது.

"நெட்டுக்கு ரெண்டு வயர் போதும்க்கா. ஒண்ணு அனுப்ப, வாங்க. இன்னொண்ணு துணைக்கு. நெட்டுக்குப் போடுறவங்க மூணாவத வெறும விட்டுருவாங்க. இதுல மாட்டியிருக்காரே."

"மூணாவது எதுக்கு?"

"ஜிபிஎஸ். மெஷின் எங்க இருக்குன்னு காட்டுறதுக்கு. காணாமப் போனா கண்டுபிடிக்கலாம். நல்லதுக்குத்தான் போட்டிருப்பாரு." பிறகு கீபோர்டில் ஏதேதோ தட்டினாள். "ஆன் பண்ணதும் ஒரு புரோகிராம் தானா ஓடுது பாருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ இடத்த ஒரு மெயிலுக்கு அனுப்பிட்டே இருக்கு. ஜன்னல் ஓரத்துல வெச்சா வீட்டு வாசல் வரைக்கும் துல்லியமாக் காட்டும். நிறுத்திரவா?"

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த மெயில் முகவரியைப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். திரையை என் பக்கம் திருப்பினாள். பார்த்தேன். அண்ணன் கடையின் பெயர், கடைசியில் என் பிறந்த வருஷம்.

"தெரிஞ்சவங்கதானாக்கா?"

தெரியவில்லை என்றேன்.

செப்டம்பர் 30

துணி துவைத்தேன். ஜீவாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவன், "அவ பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள் பத்தாம் தேதிக்கா" என்றான்.

அக்டோபர் 1, புதன்

இன்று ஆயுத பூஜை. கடைத்தெருவெல்லாம் பொரி சிதறிக் கிடந்தது. அண்ணன் கடையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்திருந்தான். பதினொரு மணி. அவன் தனியாக இருந்தான். லேப்டாப்பை அவன் மேஜையில் வைத்து, மூன்றாவது வயரை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தேன்.

"இது எதுக்குண்ணே?"

மறுக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தான்.

"உனக்காகத்தான் பாப்பா. போன வருஷம் உங்க ஆபீஸ்ல கல்லெறிஞ்சாங்க. அப்பறம் பதினாறு நாள் நீ எங்க இருக்கேன்னே தெரியாது. ஃபோனும் இல்ல. நான் எப்படி இருந்திருப்பேன்? நீ எங்க இருக்கேன்னு ஒரு புள்ளி தெரிஞ்சாப் போதும்னு போட்டேன். அம்மா மேல சத்தியம்."

நம்பினேன். இதை எழுதும்போதும் நம்புகிறேன். அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்பறம்?"

"அப்பறம் சம்பந்தி வந்தாரு. இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு. பொண்ணோட அம்மா பச்சத் தண்ணி குடிக்காம கிடக்கான்னாரு. உன் தங்கச்சிகிட்டதான் இருக்கும்னு பேசிக்கிறாங்க, நீ கேட்டுச் சொல்லுன்னாரு. நான் உன்கிட்ட கேட்டேனே பாப்பா. நீ சொல்லல."

"சொல்லலன்னா?"

"பேசி அழச்சுக்கறோம், ஒரு அடி அடிக்க மாட்டோம்னாரு."

"அந்தப் பையன் கை ரெண்டா ஒடஞ்சிருக்கு."

"அது எனக்குத் தெரியாது."

"கும்பகோணத்துக்குக் கார் வந்தப்ப தெரியாது. சரி. வல்லத்துக்கு ஆள் வந்தப்ப? தோப்புக்கு வந்தப்ப? மூணு தடவ சொல்லியிருக்க. நான் ஒரு நல்ல மனுஷன சந்தேகப்பட்டு அனுப்பினேன்னு உன்கிட்டயே சொன்னேன். நீ திரைல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்த?"

அவன் சந்தனம் காய்ந்த ஒரு கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தான். பிறகு சொன்னான்:

"உன் மேல ஒரு கை படக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

அனுப்பினேன். அந்த ஒரு சொல்லை அவன் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

"நான் கரூர்லேருந்து வந்ததும் என் மாமனார் வந்து அழுதாரே, ஞாபகம் இருக்கா? என் பொண்டாட்டி படுத்த படுக்கையா கிடக்கா, மருமகள அனுப்பி வைன்னாரு. நீ வாசல்லயே நிக்க வெச்சு, அவ வரமாட்டா போங்கன்ன."

"அது வேற பாப்பா. நீ என் தங்கச்சி."

சண்டை போட வேண்டும் என்று பஸ்ஸில் எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு எதுவும் மிச்சமில்லை.

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அண்ணி காபியோடு வந்தார். என் முகத்தையும் அவன் முகத்தையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை மேஜையில் வைக்காமலே நின்றார். "அட்சயா வாழ்க்கை தமயந்தி" என்றார். அப்படியானால் அவருக்கும் தெரியும்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன். "இத எங்க கொண்டு போற?" என்றான். "கோர்ட்டுக்கு" என்றேன். அவன் என் பின்னால் வாசல்வரை வந்தான். கூப்பிடவில்லை.

அக்டோபர் 2

ஆபீஸுக்கு விடுமுறை. மேரிக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வயர், மெயில், வைத்தியலிங்கம் சொன்னது. கடைசியில் அதையும் சொன்னேன்: மனுவைத் தட்டச்சு செய்த மாலையே அவர் யார் என்று எனக்குத் தெரியும் என்பதை.

மேரிக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல் நாளே சொல்லியிருந்தா, அந்த மெஷின உள்ள விட்டிருக்கவே மாட்டேன்."

"தெரியும்க்கா."

"ஏன் சொல்லல?"

அண்ணனைப் பற்றி ஒரு சந்தேகம் வரக்கூட நான் இடம் கொடுக்க விரும்பவில்லை. அதுதான் காரணம். வேறொருத்தி இல்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்டது. அதை அப்படியே சொன்னேன். மேரிக்கா எழுந்துபோய் மனுவின் நகலை எடுத்து வந்தார். "அபிடவிட் குடுப்பியா? பேரு போடணும்." தலையாட்டினேன்.

அக்டோபர் 4, சனி

யாக்கூப் பாய் வீட்டுக்குப் போனேன். ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து உட்காரச் சொன்னார். காட்டிக்கொடுத்தது யார் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

கை மையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க அண்ணன்னு தெரியாமலே என்னச் சொன்னீங்க. தெரிஞ்சிருந்தா அவரச் சொல்லியிருப்பீங்களா?"

நான் எழுந்து நின்றேன்.

"பொண்ணு கெடச்சா சொல்லி விடுங்க. வண்டி வரும். மேரியம்மா கூப்பிட்டா வர்றேன்." என்னை வாசல்வரை வழியனுப்பினார். நீங்கள் கூப்பிட்டால் என்று அவர் சொல்லவில்லை.

அக்டோபர் 6

அபிடவிட்டில் கையெழுத்துப் போட்டேன். நாலாவது பத்தி: 'எனது உடன்பிறந்த அண்ணன் சந்தானம் என்பவர்.' 'என்பவர்' என்ற இடத்தில் மேரிக்காவின் ஜூனியர் என்னைப் பார்த்தாள். படித்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்றேன்.

அட்சயா ஆபீஸ் நம்பருக்கு ஃபோன் செய்தாள். நிச்சயம் நின்றுவிட்டதாம். "ஏன் அத்த?" என்றாள். அழுகிறாளா கோபமா என்று புரியவில்லை. அப்பாவைக் கேள் என்றேன். "அப்பா ஒங்களக் கேக்கச் சொல்றாரு" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

இன்று மதுரையில் கோர்ட்.

மோனிஷாவைக் கூட்டி வந்தார்கள். மஞ்சள் பட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல், இரண்டு பக்கமும் அத்தைகள். பன்னிரண்டு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. நான் நின்ற தூணைக் கடந்தபோது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை.

உள்ளே என்னை விடவில்லை. நடந்ததை மேரிக்கா பிறகு சொன்னார். தான் விருப்பப்பட்டுத்தான் பெற்றோரோடு இருப்பதாக அவள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அவர்கள் வக்கீல் கொடுத்திருக்கிறார். என் அபிடவிட் படிக்கப்பட்டது. நீதிபதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மோனிஷாவிடம் தனியாகப் பேசியிருக்கிறார். ஐந்து நிமிஷம். கதவு திறந்தபோது அவள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அத்தையின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். கணவனோடு போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். விரும்பிய இடம்வரை போலீஸ் பாதுகாப்பு என்று உத்தரவு. மற்ற வழக்குகள் தனியாக நடக்கும். சந்தானம் என்பவர் மீதும்.

தாழ்வாரத்தில் ஜீவா மாவுக்கட்டோடு நின்றிருந்தான். அவள் வந்து அவன் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரல்களை அசைக்கச் சொன்னாள். நகத்தை அமுக்கி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

திண்டுக்கல் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். மேரிக்கா ஏற்பாடு. லேப்டாப் இல்லை, ஃபோன் இல்லை, நான் ஒரு துணிப்பையோடு போகத் தயாராக இருந்தேன். சொன்னேன்.

மோனிஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. நீங்க எழுதிக் குடுத்ததாலதான் நான் இங்க நிக்கிறேன். ஆனா உங்க கூட வரல."

"இனிமே அந்த மாதிரி..."

"தெரியும்க்கா. இருந்தாலும் முடியாது. ஒவ்வொரு வீட்லயும் நீங்க கதவச் சாத்தினதும் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவள் சான்றிதழ் கோப்பு என்னிடம் இருந்தது. பரீட்சை ஃபீஸ் கட்ட நாளை மறுநாள் கடைசி. அதைக் கொடுக்கப் போலீஸ் ஜீப்பின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுவரை ஆட்டோவில் போனேன். ஜீவா ஒற்றைக் கையால் கோப்பை வாங்கிக்கொண்டான். மோனிஷா பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் அள்ளிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பின்னால் சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"எந்த ஊருக்கு?" என்று வாய்வரை வந்துவிட்டது. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

"போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிடுவதற்குள் திரும்பி நடந்தேன்.